சிங்க்கில் தண்ணீர் நிற்கிறதா? கையிலுள்ள பாட்டிலை முதலில் கீழே வையுங்கள்

பல் தேய்த்துக் கொப்பளித்த நுரை, இறங்காமல் வாஷ் பேசினிலேயே வட்டமடிக்கிறது. ஒரு வாரமாகவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நீங்களும் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தீர்கள். இன்றைக்குச் சுத்தமாக நின்றுவிட்டது. இப்போது நம்மில் பலரும் செய்கிற முதல் காரியம், அடைப்பு நீக்கும் தூளையோ திரவத்தையோ வாங்கிவந்து கொட்டுவது. நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். இப்போது செய்வதில்லை. வீட்டில் நான் கையால் எடுத்த அடைப்புகளில் முக்கால்வாசி, ஓட்டையிலிருந்து ஒரு முழத்துக்குள்தான் இருந்தன. எட்டுகிற தூரத்தில் இருப்பதை எடுத்து வெளியே போடுவதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ரசாயனத்தை ஊற்றிவிட்டுக் காத்திருப்பானேன்?

பிளம்பிங் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். கொஞ்சம் அருவருப்பைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.

கீழே என்ன இருக்கிறது?

பேசினுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் நேராகச் சுவருக்குள் போகாது. நடுவில் ஒரு வளைவு இருக்கும், அல்லது குப்பி மாதிரி ஒரு பகுதி தொங்கும். வளைவு என்றால் பி டிராப் அல்லது எஸ் டிராப். குப்பி என்றால் பாட்டில் டிராப். இதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அது பழுதல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சுமார் 50 மி.மீ. ஆழத்துக்கு நிற்கிற அந்தத் தண்ணீர்தான், சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறிவராமல் மறிக்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி, எஸ் வளைவு வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் உங்கள் சிங்க்கிற்குக் கீழே இருப்பது அதே யோசனைதான்.

ஆனால் மறிப்பதற்காக வைத்த வளைவு மற்றதையும் மறிக்கும். தண்ணீர் அங்கே வேகம் குறைகிறது, கனமானது அடியில் படிகிறது. மோதிரம் தவறி விழுந்தாலும் அங்கேதான் கிடக்கும், மண் சேர்ந்தாலும் அங்கேதான். (மோதிரம் விழுந்தால் உடனே குழாயை மூடுங்கள். பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும்.)

டிராப்பைத் தாண்டினால் குழாய் சுவருக்குள் போய், மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. சரிவில் படுத்து ஓடி, மற்ற குழாய்களோடு சேர்கிறது. பேசின் குழாய் 32 மி.மீ., சமையலறை சிங்க் குழாய் 40 மி.மீ., கழிப்பறைக் குழாய் 100 அல்லது 110 மி.மீ. விட்டம் இருப்பது வழக்கம். பேசின் ஏன் அடிக்கடி அடைக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது.

அடைப்பது எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் தவறான கருவியைத்தான் எடுப்போம்.

குளியலறையில் முடியும் சோப்பும். தனி முடி அவ்வளவு தொல்லை தராது, தண்ணீரோடு போகப் பார்க்கும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேரும்போது கரையாத ஒரு வெள்ளைப் பிசுக்கு உண்டாகிறது. உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் பக்கெட்டின் உள்பக்கம் படிகிறதே, அதேதான். அது முடியில் ஒட்டி, முடி ஓட்டையின் குறுக்குக் கம்பியில் மாட்டி, அதன்மேல் பற்பசையும் தோலழுக்கும் சேர்ந்தால் கயிறு தயார்.

சமையலறையில் எண்ணெயும் கொழுப்பும். சூடாக இருக்கும்போது திரவமாக இறங்கிப் போகிறது, நமக்கும் நிம்மதி. இரண்டு மீட்டர் தள்ளி, சுவருக்குள், குழாயின் குளிர்ச்சியில் அது உறைந்து உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதில் காப்பித்தூள், மாவு, உணவுத் துணுக்கு எல்லாம் போய் ஒட்டும். 40 மி.மீ. குழாய் மாதக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி விரல் பருமனாகிவிடும். இதே கதை ஊர்ச் சாக்கடையில் நடந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு லண்டனில் 2017-இல் கண்டுபிடித்த கொழுப்புப் பாறையே சாட்சி: 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வேறு வைத்தார்கள்.

கழிப்பறையில் போடக்கூடாததைப் போடுவதுதான் காரணம். கழிப்பறைக் காகிதம் தண்ணீரில் நைந்து பிரியும். ஈரத் துடைப்பான்கள் பிரியாது, உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போகும். பொம்மை, பல் துலக்கி, சோப்புத் துண்டு ஆகியவை குழந்தைகளின் கைங்கரியம்.

துப்பறியும் வேலை

கையுறை மாட்டுவதற்கு முன் வீட்டைச் சுற்றி வந்து எல்லாக் குழாயையும் ஒரு நிமிடம் திறந்து பாருங்கள்.

ஒரு பேசின் மட்டும் நிற்கிறதா? அடைப்பு அதன் சொந்தக் குழாயில்தான். நல்ல செய்தி. பக்கத்தில் இருக்கும் இரண்டு சேர்ந்து நின்றால், அவை கூடுமிடத்துக்கு அப்பால். கழிப்பறையில் ஃப்ளஷ் செய்ததும் குளியலறைத் தரையில் குமிழி விடுகிறது, அல்லது வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேறும்போது வேறெங்கோ அழுக்குத் தண்ணீர் மேலே வருகிறது என்றால், அடைப்பு பொதுக் குழாயில். தண்ணீர் எப்போதும் தாழ்ந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். அதனால் தரை ஜாலிதான் (குளியலறைத் தரை ஓட்டையின் மேலுள்ள சல்லடை மூடி) முதலில் காட்டிக்கொடுக்கும். இந்த நிலையில் வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இன்னொரு கேள்வி: சட்டென்று நின்றதா, மெல்ல மெல்லவா? சட்டென்று என்றால் ஏதோ விழுந்திருக்கிறது. அதை உள்ளே தள்ளும் எந்த வேலையும் செய்யாதீர்கள். மெல்ல என்றால் படிவு.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ரப்பர் கையுறை, ஒரு பக்கெட், பழைய துணிகள், டார்ச், பிளஞ்சர் (கைப்பிடியின் நுனியில் ரப்பர் கிண்ணம் மாட்டிய கருவி) இரண்டு, ஓரத்தில் முள் முள்ளாக வெட்டிய நீளமான பிளாஸ்டிக் பட்டை ஒன்று. இரண்டு பிளஞ்சர் எதற்கு என்றால், கழிப்பறைக்குப் பயன்படுத்தியதைச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது மட்டுமல்ல, வடிவமே வேறு. சிங்க்கிற்கு அடி தட்டையான கிண்ணம். கழிப்பறைக்கு, கிண்ணத்தின் உள்ளிருந்து இன்னொரு ரப்பர் வளையம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. அது கோப்பையின் ஓட்டைக்குள் போய் உட்காரும்.

வாஷ் பேசின்: முடியை இழுத்தல்

ஓட்டையின் மேல் மூடி இருந்தால் கழற்றுங்கள். சிலது தூக்கினாலே வரும், சிலதைத் திருக வேண்டும், சிலதுக்கு நடுவில் ஒரு ஸ்க்ரூ. பின்பக்கக் கம்பியோடு இணைந்த மூடி என்றால், பேசினுக்கு அடியில் அந்தக் கம்பி நுழையும் இடத்து நட்டைத் தளர்த்திக் கம்பியைப் பின்னுக்கு இழுத்தால் மூடி விடுபடும். எது எப்படி இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஞாபகசக்தியை நம்ப முடியாது.

முள் பட்டையை மெதுவாக உள்ளே விட்டு, இரண்டு மூன்று முறை திருப்பி, மெதுவாக வெளியே இழுங்கள். மெதுவாக என்று இரண்டு முறை சொன்னதற்குக் காரணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் முடிக் கயிறு பாதியில் அறுந்து, மீதி இன்னும் கீழே போய் உட்காரும். நிதானமாக இழுத்தால் சாம்பல் நிறத்தில், நனைந்த எலி வால் போல ஒன்று வரும், வந்துகொண்டே இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இத்தனையும் இதற்குள்ளா இருந்தது என்று தோன்றும். நாற்றமும் அதற்கேற்ற மாதிரிதான். அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். பட்டையை அதே பேசினில் கழுவி, எடுத்ததைத் திருப்பி உள்ளே அனுப்பாதீர்கள். பட்டை சுத்தமாக வரும்வரை நாலைந்து முறை விட்டு எடுங்கள்.

பட்டை இல்லையென்றால் பழைய கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, நுனியில் சின்னக் கொக்கி வளைத்துக்கொள்ளலாம். பேசினின் பூச்சைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளஞ்சர்: எல்லோரிடமும் இருக்கும், பலருக்குப் பிடிக்கத் தெரியாது

இதை ஓர் அமுக்கும் கருவி என்று நினைப்பதுதான் கோளாறு. காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. கிண்ணத்துக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால், உங்கள் கையின் அசைவு குழாயில் நிற்கும் தண்ணீர் வழியாக அப்படியே அடைப்பைப் போய்ச் சேரும். தள்ளும்போது ஒரு பக்கம், இழுக்கும்போது மறுபக்கம் என்று அடைப்பு முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் பிடி விடுகிறது. என் அனுபவத்தில் காரியத்தை முடிப்பது பெரும்பாலும் இழுப்பு.

அதனால் கிண்ணத்தின் விளிம்பு மூழ்கும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் விடுங்கள், நிரம்பி வழிகிற மாதிரி இருந்தால் மொண்டு எடுங்கள். அப்புறம் பேசினின் மேல் ஓரத்தில், தண்ணீர் வழிந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதை ஈரத்துணியால் இறுக்கி அடையுங்கள். இதை மறந்தால் நீங்கள் போடும் பலமெல்லாம் அந்த ஓட்டை வழியாகக் காற்றாகப் போய்விடும். பிளஞ்சர் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் இன்னொரு தொட்டியின் ஓட்டையையும் அடைத்து, ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அடைக்காவிட்டால் அழுக்குத் தண்ணீர் அங்கே நீரூற்று மாதிரி எழும்பும்.

கிண்ணத்தைச் சாய்த்துத் தண்ணீருக்குள் விட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, நிமிர்த்தி ஓட்டையின்மேல் வையுங்கள். விளிம்பு சரியாக ஒட்டவில்லை என்றால் கொஞ்சம் வாசலின் தடவலாம். முதல் அமுக்கு மெதுவாக. அப்புறம் விளிம்பு பேசினின் அடியை விட்டு எழாமல், குத்துவதும் இழுப்பதுமாகச் சீரான வேகத்தில் 15, 20 முறை. கடைசியில் வெடுக்கென்று மேலே எடுங்கள். தண்ணீர் அசையவில்லையா? மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு சுற்று. மூன்று குத்து குத்திவிட்டுக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். ஐந்து சுற்றுவரை பொறுங்கள்.

அடைப்பு விட்டால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். ஒரு நீளமான உறிஞ்சல் சத்தம், தண்ணீர் சுழன்று இறங்கும், கடைசியில் ஒரு கொடகொட. உடனே குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு, உதிர்ந்ததை அடித்துக்கொண்டு போக விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சிங்க்கிற்கு அடியில் உள்ள இணைப்புகள் கையால் திருகியவை. ஆவேசமாகக் குத்தினால் பழைய இணைப்பு கழன்றுவிடக்கூடும். அடியில் பக்கெட் வைத்துவிட்டே ஆரம்பியுங்கள்.

டிராப்பைக் கழற்றுவது

பயமுறுத்தும் வேலை மாதிரித் தெரியும். உண்மையில் இருப்பதிலேயே நிச்சயமான வழி இதுதான், ஏனென்றால் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்கிறீர்கள். ஏற்கெனவே ரசாயனம் ஊற்றியிருந்தால் மட்டும் இதில் இறங்காதீர்கள்.

1. பேசினுக்கு அடியில் உள்ள சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, டிராப்புக்கு நேர் கீழே பக்கெட் வையுங்கள். பக்கெட் நுழையாவிட்டால் அகலமான பாத்திரம்.

2. பேசினில் நிற்கும் தண்ணீரை முடிந்தவரை மொண்டு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிராப்பைத் திறந்ததும் அத்தனையும் உங்கள் முழங்கையில்.

3. பாட்டில் டிராப் என்றால் அடிக் குப்பியை மட்டும் திருகினால் போதும். வளைவு டிராப் என்றால் இரு முனையிலும் உள்ள பெரிய நட்டுகளைத் தளர்த்த வேண்டும். கீழிருந்து பார்க்கும்போது எந்தப் பக்கம் திருகுவது என்று குழம்பும். நட்டின் கீழே உங்கள் முகம் இருப்பதாக வைத்துக்கொண்டு கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகுங்கள். கையால் வராவிட்டால், பல் பதியாமல் இருக்கத் துணி சுற்றி, இடுக்கியால் லேசாக.

4. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்களை வரிசை மாறாமல் ஒரு துணியில் வைத்துவிடுங்கள். எந்த முகம் மேலே இருந்தது என்பதும் முக்கியம். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும்.

5. டிராப்பைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வேறு இடத்தில்.

ஐந்தாவதில் அந்த 'வேறு இடத்தில்' என் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. முதல் தடவை பாட்டில் டிராப்பைக் கழற்றியபோது, அழுக்குத் தண்ணீரைப் பக்கெட்டில் சிந்தாமல் பிடித்துவிட்ட பெருமையோடு எழுந்து நின்று, அதை அப்படியே அதே பேசினில் கவிழ்த்தேன். கீழே டிராப் இல்லை என்பது பாதம் நனைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

திரும்ப மாட்டும்போது கையால் இறுக்குவதே போதும். இடுக்கி போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை வெட்டிக்கொள்ளும், அல்லது நட்டு விரிசல் விடும். பிறகு பேசினை முக்கால்வாசி நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். சும்மா குழாயைத் திறந்து பார்த்தால் கசிவு தெரியாது, அந்தத் தண்ணீருக்கு அழுத்தம் போதாது. ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் படாத ஈரமும் காகிதத்தில் கறையாகத் தெரியும்.

டிராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் நிற்கிறதா? அடைப்பு சுவருக்குள்.

ஸ்பிரிங் கம்பி

நீளமான சுருள் கம்பி, ஒரு முனையில் திருகாணி மாதிரி அகன்ற சுருள், மறுமுனையில் கைப்பிடி. வீட்டு உபயோகத்துக்கு 5 முதல் 8 மீட்டர் வரை கிடைக்கிறது. டிராப்பைக் கழற்றிவிட்டுச் சுவர்க் குழாயில் நேரடியாக விடுவது நல்லது, வளைவுகள் குறையும்.

கையில் பிடித்த இடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண் கம்பிக்கு மேல் தொங்க விடாதீர்கள். விட்டால் கம்பி வெளியிலேயே முறுக்கிக்கொள்ளும். உள்ளே தள்ளிக்கொண்டே கடிகாரச் சுற்றில் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் பிடித்த அழுக்கை அது விட்டுவிடும்.

முட்டுவது குழாயின் வளைவிலா, அடைப்பிலா என்று கை சொல்லிவிடும். வளைவு என்றால் கெட்டியாக முட்டும், ஆனால் சுற்றச் சுற்ற நழுவி முன்னேறும். அடைப்பு என்றால் மெத்தென்று இருக்கும், சுற்றும்போது கம்பி இறுகும். அங்கே நிறுத்தி, பத்துப் பதினைந்து முறை திருப்பி, திருப்பிக்கொண்டே பின்னுக்கு இழுங்கள். ஒரு கையில் பழந்துணி வைத்து, வெளியே வரும் கம்பியைத் துடைத்துக்கொண்டே எடுங்கள், இல்லாவிட்டால் சுவரெல்லாம் புள்ளி விழும். வெறுமனே குத்திக் குத்தித் தள்ளாதீர்கள். 2 மீட்டரில் இருந்த அடைப்பை 7 மீட்டருக்குக் கொண்டுபோய் வைப்பதில் லாபமில்லை. இறுகி மாட்டிக்கொண்டால் பலம் காட்டாமல் கொஞ்சம் பின்வாங்கித் திரும்ப முயலுங்கள்.

சமையலறைக் கொழுப்புக்கு ஸ்பிரிங் கம்பி நடுவில் ஒரு துளை போட்டுத் தரும், சுவரில் ஒட்டியதை முழுக்க எடுக்காது. தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக விட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஒரு பக்கெட் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தால் வித்தியாசம் தெரியும்.

தரை ஜாலி

இது சுலபம். ஜாலியைத் தூக்குங்கள், அதற்கடியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருந்தால் அதையும் எடுத்து, கையுறைக் கையால் முடியை அள்ளிப் போடுங்கள். கிண்ணத்தைக் கழுவித் திரும்ப வைக்க மறக்காதீர்கள். அது இல்லாமலேயே தண்ணீர் இன்னும் நன்றாகப் போகிறதே என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பல வகைகளில் தண்ணீர்த் தடுப்பே அந்தக் கிண்ணத்தால்தான் நிற்கிறது. மறுநாளே நாற்றமும் கரப்பானும் வந்துவிடும்.

கழிப்பறை

முதல் விதி, இரண்டாவது தடவை ஃப்ளஷ் செய்யாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான், தரையெல்லாம் நிறைவதும் அதனால்தான். தண்ணீர் விளிம்பு நோக்கி ஏறிக்கொண்டிருந்தால், ஃப்ளஷ் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயிலுள்ள சின்ன வால்வை (ஆங்கிள் வால்வு) மூடுங்கள்.

கால் மணி நேரம் சும்மா இருங்கள். பல சமயம் மட்டம் தானாகவே கொஞ்சம் இறங்கும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை அரை டம்ளர் அளவு விட்டு, சூடான தண்ணீர் அரைப் பக்கெட்டை இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். சூடு என்றால் கை தாங்கும் சூடு. கொதிக்கும் தண்ணீர் பீங்கானை விரிசல் விடச் செய்யும். அரை மணி நேரம் ஊறட்டும். வெறும் காகித அடைப்பு என்றால் இதிலேயே போய்விடுவதுண்டு.

போகாவிட்டால் வளையம் வைத்த பிளஞ்சர். முறை முன்பு சொன்னதுதான், ஆனால் முதல் அமுக்கு ரொம்ப மெதுவாக இருக்க வேண்டும், தெறித்தால் தெறிப்பது என்ன என்று நினைவில் வையுங்கள். இறங்கியதும் ஃப்ளஷ்ஷை நம்பாமல் பக்கெட் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். பக்கெட்டை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஃப்ளஷ்ஷை நிறுத்த முடியாது.

பொம்மை விழுந்தது என்று தெரிந்தால் பிளஞ்சர் வேண்டாம். கையுறையோடு எட்டிப் பாருங்கள், இல்லையென்றால் கழிப்பறைக்கென்றே செய்த, ரப்பர் உறை போட்ட குட்டைச் சுருள் கம்பியால் கொக்கிபோட்டு இழுக்கப் பாருங்கள்.

ஊற்றுகிற சமாச்சாரங்கள்

கொதிக்கும் தண்ணீர்: பழைய இரும்புக் குழாய்க்கு வேண்டுமானால் சரி. பிவிசி குழாய்கள் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து தாங்க வடிவமைத்தவை அல்ல. இளகி இணைப்பு நெளியும். இப்போதைய வீடுகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

சமையல் சோடாவும் வினிகரும்: நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்ந்தவுடன் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடும் சோடியம் அசிடேட் கலந்த தண்ணீரும்தான் மிச்சம். மேலே திறந்திருக்கும் குழாயில் வாயு மேலேதான் போகும், அடைப்பைத் தள்ளாது. லேசான நாற்றத்துக்கு உதவலாம். முடிக் கயிற்றை அது ஒன்றும் செய்யாது.

காஸ்டிக் சோடா சேர்ந்த தூள்கள் கொழுப்பைச் சோப்பாக மாற்றும், முடியையும் அரிக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீர் முழுக்க நின்றுவிட்ட குழாயில் அது நீர்த்துப்போய் அடைப்பைச் சேருமுன்பே பலமிழக்கும், அல்லது டிராப்பின் அடியில் கட்டியாக இறுகிவிடும். எனக்கு இரண்டாவது நடந்தது. வேறு வழியில்லாமல் அந்த டிராப்பைக் கழற்றியபோது ஒரு துளி, கையுறைக்கு மேலே மணிக்கட்டில் பட்டது. எரியவில்லை, வழவழவென்று இருந்தது, சோப்பு பட்ட மாதிரி. என் தோலில் இருந்த கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் எரிந்தது.

கட்டாயம் பயன்படுத்துவேன் என்றால்: கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், உறையில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். கரைக்க வேண்டியிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், சூடேறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கூடவே கூடாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒன்றுக்கு மேல் இன்னொன்றை ஊற்றவே ஊற்றாதீர்கள். ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் வாயு. இரண்டும் மூடிய குளியலறையில் ஆபத்து. ஊற்றிய பிறகு பிளஞ்சரும் வேண்டாம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். கண்ணில் பட்டாலும் அதேபோல் உடனே கழுவிவிட்டு, நேராக மருத்துவரிடம் போங்கள்.

பொதுக் குழாய், சேம்பர், பிளம்பர்

வீடு முழுக்க நிற்கிறது என்றால், வெளியே தரைமட்டத்தில் உள்ள சேம்பர் (வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் குழி) மூடியை ஒருவர் துணையோடு நெம்பித் திறந்து, தள்ளி நின்று பாருங்கள். சேம்பர் நிரம்பி வழிகிற மாதிரி இருந்தால் அடைப்பு அதற்கு அப்பால். காலியாக இருந்து வீட்டுக்குள் தண்ணீர் நின்றால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். செப்டிக் டேங்க் நிரம்பினாலும் சேம்பர் இப்படி நிரம்பித்தான் நிற்கும். பழைய களிமண் குழாய் என்றால் இணைப்பு வழியாக மர வேர் நுழைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பார்த்ததும் மூடிவிடுங்கள். உள்ளே தலையை விடுவது, இறங்குவது, தீக்குச்சி உரசிப் பார்ப்பது எதுவும் கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் மயங்கி விழுவார்கள். மீத்தேன் தீப்பற்றும். உங்களுக்கு மட்டுமல்ல, வேலைக்கு வருகிறவருக்கும் இது பொருந்தும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். இயந்திரக் கம்பியும் உயர் அழுத்தத் தண்ணீரும் கொண்டு வெளியில் நின்றே செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.

பிளம்பர் வருவதற்குள் எந்தெந்த ஓட்டையில் தண்ணீர் நிற்கிறது, எப்போதிலிருந்து, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். ஆசிட்டோ காஸ்டிக் சோடாவோ ஊற்றியிருந்தால், கேட்காவிட்டாலும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குள் கை விடப்போவது அவர்.

அடைப்பு போன பிறகும் வாடை மட்டும் மிச்சமிருந்தால், வீட்டில் யாரும் பயன்படுத்தாத குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.